வெள்ளை அணுக்களே நுரையீரலைக் கெடுக்குமா? கணைய அழற்சிக்குப் பின் வந்த மூச்சுத்திணறல் பற்றி

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குக் கணைய அழற்சி, அதாவது கணையம் வீங்கிப் புண்ணாகும் நோய். வயிற்று வலி என்று சேர்த்த மூன்றாம் நாள் மூச்சுத்திணறல் வந்து, இப்போது வென்டிலேட்டரில் இருக்கிறார். ரத்தத்தில் டோட்டல் கவுண்ட், அதாவது வெள்ளை அணுக்களின் மொத்த எண்ணிக்கை, 24,000. நுரையீரலில் கிருமி எதுவும் தெரியவில்லை, அவருடைய வெள்ளை அணுக்களே நுரையீரலைப் புண்ணாக்கிவிட்டன என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கிருமி இல்லாத இடத்துக்கு அவை ஏன் போகவேண்டும், காக்க வேண்டியவை ஏன் கெடுக்க வேண்டும், அவற்றைக் குறைக்க ஒரு மருந்து கொடுத்தால் என்ன என்பதுதான் நீங்கள் கேட்டது. கேட்காமல் விட்ட ஒன்றும் அதற்குள் இருப்பதாக எனக்குப் படுகிறது: செய்யக்கூடிய ஏதோ ஒன்றை இவர்கள் செய்யாமல் இருக்கிறார்களோ என்ற பயம். அதற்கும் சேர்த்தே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் மருத்துவர். பதினெட்டு வருடமாக இந்த நோயாளிகளைப் பார்த்துவருகிறேன். ஆனால் உங்கள் அப்பாவின் எக்ஸ்ரேயையும் ரத்த வாயு அறிக்கையையும் நான் பார்க்கவில்லை. அதனால் அவர் பிழைப்பாரா, எத்தனை நாளில் வெளியே வருவார் என்று என்னால் சொல்ல முடியாது, சொல்வதும் தவறு. நோய் எப்படி நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

நுரையீரலில் திடீரென்று தண்ணீர் கோத்து மூச்சு முட்டும் இந்த நோய்க்கு ஏஆர்டிஎஸ் என்று பெயர். 1967இல் அமெரிக்காவின் டென்வர் நகர மருத்துவர்கள் 12 நோயாளிகளைப் பற்றி முதன்முதலில் எழுதினார்கள். பெரும்பாலானவர்கள் விபத்தில் அடிபட்டவர்கள், சிலர் வைரஸ் காய்ச்சல்காரர்கள், ஒருவர் கணைய அழற்சிக்காரர். அதாவது, கணையம் கெட்டால் நுரையீரல் தண்ணீர் கோக்கும் என்பது இந்த நோய்க்குப் பெயர் வைத்த நாளிலிருந்தே தெரிந்த விஷயம். உங்கள் அப்பாவுக்கு நடந்தது அபூர்வமானதோ யாரோ செய்த தவறால் வந்ததோ அல்ல. கடுமையான கணைய அழற்சியில் முதல் வாரத்தில் நாங்கள் எதிர்பார்த்துக் காத்திருக்கும் சிக்கல்களில் இது முக்கியமானது.

சரி, வயிற்றில் பற்றிய நெருப்பு ஏன் நெஞ்சில் எரிகிறது? இதற்கு நுரையீரலின் அமைப்பைப் பார்க்க வேண்டும். இதயத்தின் வலப்பக்கம் வெளியேற்றும் ரத்தம் முழுவதும் நுரையீரல் வழியாகத்தான் போகிறது. வேறு எந்த உறுப்புக்கும் இப்படி முழு ரத்தமும் போவதில்லை. அங்கே காற்றறைகளைச் சுற்றி மிக மெல்லிய ரத்தக்குழாய்கள் வலைபோலப் பின்னியிருக்கின்றன. வெள்ளை அணுக்களில் பெரும்பான்மையான நியூட்ரோஃபில் என்ற வகை, இந்த நுண்குழாய்களில் பலவற்றைவிடப் பருமனானது. சிவப்பு அணு தட்டையானது, மடங்கி ஒரு நொடிக்குள் போய்விடும். நியூட்ரோஃபில் உருண்டை. நீளமாக உருமாறி, பிதுங்கிப் பிதுங்கித்தான் போகவேண்டும். அதனால் ஆரோக்கியமான மனிதரிடம்கூட எந்த நேரமும் ஏராளமான நியூட்ரோஃபில்கள் நுரையீரலின் நுண்குழாய்களில் தங்கித் தங்கி நகர்ந்துகொண்டிருக்கும். நம் ஒவ்வொரு மூச்சோடும் தூசியும் கிருமியும் உள்ளே வருகிறது, காவல்காரர்கள் பக்கத்திலேயே இருப்பது நல்லதுதான்.

கணையம் தன்னைத்தானே செரிக்கத் தொடங்கும்போது, செத்த செல்களிலிருந்து வெளிவரும் பொருட்களை உடம்பு அபாய அறிவிப்பாக எடுத்துக்கொள்கிறது. கிருமி வந்தால் அடிக்கும் அதே மணியைத்தான் இதற்கும் அடிக்கிறது. வேறு மணி அதனிடம் இல்லை. சைட்டோகைன் என்ற தூதுப் பொருட்கள் ரத்தத்தில் பெருகுகின்றன. அவை பட்டதும் நியூட்ரோஃபிலின் உட்கூடு விறைத்துப்போகிறது. இதுவரை ரப்பர் போல வளைந்து போனது, இப்போது வளைய மறுக்கிறது. கணையத்திலிருந்து கிளம்பிய ரத்தம் கல்லீரலைத் தாண்டி இதயத்துக்கு வந்தால், அடுத்து நுழைவது நுரையீரலின் இந்தச் சல்லடைக்குள்தான். விறைத்த அணுக்கள் அங்கேயே சிக்கிக்கொள்கின்றன. அங்கே கிருமி தேடி அவை போகவில்லை. போகிற வழியில் மாட்டிக்கொண்டன என்று சொல்வதே உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான்.

மாட்டிக்கொண்டதோடு நின்றால் பரவாயில்லை. காற்றறைக்குள் எப்போதும் குடியிருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற இன்னொரு வெள்ளை அணுவும் உசுப்பப்பட்டு, நியூட்ரோஃபில்களை உள்ளே இழுக்கும் பொருட்களை வெளியிடுகிறது. குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் பசைகள் தோன்றுகின்றன. ஒட்டியவை சுவரைக் கடந்து காற்றறைக்குள் இறங்குகின்றன. நியூட்ரோஃபிலின் பைகளில் எலாஸ்டேஸ் போன்ற, புரதத்தை அறுக்கும் நொதிகள் இருக்கின்றன. கிருமியின் உடலை அறுக்க வைத்திருக்கும் கத்தி அது. அதோடு ஆக்சிஜனிலிருந்து காரமான பொருட்களையும் தயாரித்து வெளியே கொட்டும். போதாததற்கு, தன் சொந்த டிஎன்ஏவையே வலையாக வீசிக் கிருமியைப் பிடிக்கும் வித்தையும் அதற்குத் தெரியும். இந்த வலை 2004இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. நான் படித்த பாடப்புத்தகத்தில் அது இல்லை. ரத்தத்துக்கும் காற்றுக்கும் நடுவில் இருக்கும் சுவர், அதன் மெல்லிய இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தடிமன் இல்லாதது. கத்தியும் காரமும் வலையும் அதன் மேல் விழுந்தால் சுவர் ஓட்டையாகிறது. புரதம் கலந்த நீர் காற்றறைக்குள் ஒழுகுகிறது. காற்றறை சுருங்கிவிடாமல் காக்கும் வழுவழுப்பான பூச்சு கெட்டுப்போகிறது. அறைகள் நிரம்பியும் மூடியும் கிடப்பதால், அங்கே வரும் ரத்தம் ஆக்சிஜனைப் பார்க்காமலே திரும்புகிறது. முகமூடியில் எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தும் விரலில் மாட்டிய கருவியில் அளவு ஏறவில்லை என்று நீங்கள் எழுதியதற்குக் காரணம் இதுதான்.

இவ்வளவும் கேட்டால் நியூட்ரோஃபில்தான் குற்றவாளி என்று தீர்ப்பே எழுதிவிடலாம் போலிருக்கும். இங்கேதான் உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரிக்க வேண்டும். இந்த நோயாளிகளின் நுரையீரலில் நியூட்ரோஃபில்கள் குவிந்து கிடக்கின்றன என்பது உறுதி. நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் நல்ல நிலையில் நூற்றுக்கு மூன்றுகூட இருக்காது, இந்த நோயில் பெரும்பான்மையே அவையாக இருக்கும். ஆனால் அவை குவிந்திருப்பதால்தான் சேதம் என்று எல்லா நோயாளிகளுக்கும் சொல்ல முடியுமா? இரண்டு பக்கமும் சான்று இருக்கிறது.

குற்றம் உண்டு என்பதற்கு மிகத் தெளிவான சான்று ரத்தம் ஏற்றும் இடத்தில் கிடைத்தது. மிக அரிதாக, ரத்தமோ பிளாஸ்மாவோ ஏற்றி ஆறு மணி நேரத்துக்குள் ஒருவருக்கு நுரையீரலில் தண்ணீர் கோத்துவிடும். இதயத்தில் கோளாறு இருக்காது, கிருமியும் இருக்காது. பல சமயம் காரணம், ரத்தம் கொடுத்தவரின் பிளாஸ்மாவில் இருக்கும் எதிர்ப்பொருள். அது பெற்றுக்கொண்டவரின் வெள்ளை அணுக்களைப் பிடித்து உசுப்பிவிடுகிறது. பல பிள்ளைகள் பெற்ற தாய்மார்களின் ரத்தத்தில் இந்த எதிர்ப்பொருள் அதிகம் காணப்படும். கருவில் இருந்த குழந்தையின் செல்களைச் சந்தித்த உடம்பு அவற்றுக்கு எதிராக அதைத் தயாரித்து வைத்திருக்கும். தாய்க்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. பிரிட்டனில் 2003இன் இறுதியிலிருந்து பிளாஸ்மாவுக்கு ஆண்களின் ரத்தத்தையே பெரும்பாலும் எடுக்கத் தொடங்கினார்கள். இந்தச் சிக்கல் அங்கே கணிசமாகக் குறைந்தது. வெள்ளை அணுவை உசுப்பும் பொருளை எடுத்தால் நோயே குறைகிறது என்றால், அந்த அணுவுக்குப் பங்கில்லை என்று யாரும் வாதாட முடியாது. இன்னொன்றையும் நாங்கள் வார்டில் பார்க்கிறோம். புற்றுநோய் மருந்தால் வெள்ளை அணுக்கள் அடியோடு இறங்கிய நோயாளிக்கு நிமோனியா இருக்கும்போது, அணுக்கள் மறுபடி ஏறும் அந்த ஓரிரு நாட்களில் மூச்சு திடீரென்று மோசமாகும். நல்ல செய்தி என்று கவுண்டைப் பார்த்துச் சந்தோஷப்படும் நேரத்தில் ஆக்சிஜன் இறங்கும்.

மறுபக்கத்தையும் பாருங்கள். வெள்ளை அணுக்கள் ஏறக்குறைய இல்லாமலே போன நோயாளிகளுக்கும் ஏஆர்டிஎஸ் வருகிறது. 1980களிலேயே இதை எழுதிவிட்டார்கள். அப்படியானால் நியூட்ரோஃபில் இல்லாமலும் சுவர் உடையும் வழிகள் உண்டு. 1989இல் ஆரோக்கியமான மனிதர்களின் நுரையீரலுக்குள் நியூட்ரோஃபிலை இழுக்கும் ஒரு பொருளைச் செலுத்திப் பார்த்தார்கள். அணுக்கள் காற்றறைக்குள் வந்து குவிந்தன, ஆனால் சுவர் ஒழுகவில்லை. ஆக, வந்து சேர்வது மட்டும் குற்றமில்லை. எந்த நிலையில் வருகின்றன, வரும்போது சுவர் ஏற்கெனவே பலவீனமாக இருக்கிறதா என்பதெல்லாம் கணக்கில் வருகிறது. முதல் அடியில் சுவர் தளர்ந்து, அணுக்கள் பாதி உசுப்பப்பட்டுக் காத்திருக்க, இரண்டாவது அடியில் எல்லாம் கட்டவிழ்கிறது என்ற விளக்கம் எனக்கு நியாயமாகப் படுகிறது. படுக்கையருகில் பார்ப்பதோடும் அது ஒத்துப்போகிறது. ஆனாலும் இது கருதுகோள்தான், நிரூபணம் இல்லை.

அடுத்து, 24,000 என்ற எண். நீங்கள் தினமும் காலையில் இந்த எண்ணைக் கேட்டு வாங்கி, ஏறினால் கலங்குகிறீர்கள் என்று தெரிகிறது. தயவுசெய்து அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ரத்தக் குழாயிலிருந்து எடுத்த எண் அது, நுரையீரலில் எத்தனை இருக்கின்றன என்று அது சொல்வதில்லை. சொல்லப்போனால் தலைகீழாகவும் இருக்கலாம். ரத்தம் ஏற்றியதால் வரும் அந்த நுரையீரல் சிக்கலில் சில சமயம் கவுண்ட் திடீரென்று இறங்கும். அணுக்களெல்லாம் நுரையீரலில் போய் அடைந்துவிட்டதால் வரும் இறக்கம் அது. டயாலிசிஸ் சிகிச்சையின் ஆரம்ப காலத்திலும் இதைக் கண்டார்கள். அந்தக் கால வடிகட்டியில் ரத்தம் பட்டதும் சில நிமிடங்களிலேயே வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை சரிந்துவிடும், பிறகு தானாக ஏறிவிடும். நடுவில் அவை நுரையீரலில்தான் தங்கியிருந்தன. ஸ்டீராய்டு கொடுத்தாலும் கவுண்ட் ஏறும். கணைய அழற்சியில், கிருமியே இல்லாமல் 20,000க்கு மேல் போவது நாங்கள் அடிக்கடி பார்ப்பது. ஒருவாரம், பத்து நாள் கழித்து, இறங்கிக்கொண்டிருந்த கவுண்ட் காய்ச்சலோடு மறுபடி ஏறினால் அப்போது கவனம் வேண்டும், செத்த கணையத் திசுவில் கிருமி தொற்றியிருக்கிறதா என்று தேடுவோம். மற்றபடி, நுரையீரலைப் பற்றி அறிய ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனுக்கும் நாம் கொடுக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதத்தைக் கேளுங்கள். பி/எஃப் ரேஷியோ என்று சொல்வார்கள். 300க்குக் கீழே வந்தால் இந்த நோய், 100 அல்லது அதற்குக் கீழே என்றால் கடுமை. நேற்று 110, இன்று 160 என்றால், கவுண்ட் 26,000 ஆகியிருந்தாலும் நான் கொஞ்சம் நிம்மதியாக மூச்சுவிடுவேன்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி: வெள்ளை அணுக்களை அடக்க மருந்து கொடுத்தால் என்ன? நீங்கள் நினைத்ததை எங்கள் துறையும் நினைத்தது. பல வருடம், பல மருந்துகளோடு முயன்றது. நான் மேலே சொன்ன எலாஸ்டேஸ் என்ற கத்தியை மழுங்கடிக்க சிவெலெஸ்டாட் என்று ஒரு மருந்து உண்டு. விலங்குகளில் நன்றாக வேலை செய்தது. 492 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2004இல் வந்தது. பலன் இல்லை, அதோடு 180ஆம் நாள் கணக்கில் மருந்து பெற்றவர்களிடம் இறப்பு கூடுதலாக இருந்ததால் ஆய்வை நடுவிலேயே நிறுத்தினார்கள். கொழுப்பைக் குறைக்கக் கொடுக்கும் ஸ்டாடின் மாத்திரைகள் அழற்சியையும் தணிக்கும் என்று நம்பி, அவற்றை வைத்து 2014இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. இரண்டிலும் ஒட்டுமொத்தமாகப் பலன் இல்லை.

ஸ்டீராய்டின் கதை இன்னும் சிக்கலானது. 2006இல் வெளிவந்த, 180 பேர் கொண்ட ஆய்வில், நோய் வந்து இரண்டு வாரத்துக்குப் பிறகு தொடங்கியவர்களுக்கு இறப்பு அதிகமானது. 2020இல் ஸ்பெயினில் 277 பேரிடம் நடந்த ஆய்வில், ஆரம்பத்திலேயே டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தபோது 60 நாளில் இறந்தவர்கள் 36 சதவீதத்திலிருந்து 21 ஆகக் குறைந்தார்கள். அதே வருடம் கோவிட் நோயாளிகளிடம் நடந்த பிரிட்டன் ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆனது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதே மருந்தால் நன்மை இல்லை. ஒரே மருந்து, ஆளையும் நாளையும் பொறுத்து உதவுகிறது அல்லது கெடுக்கிறது. கணைய அழற்சியால் வந்த ஏஆர்டிஎஸ்ஸுக்கு ஸ்டீராய்டு கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று சொல்லும் அளவுக்கு உறுதி இன்னும் வரவில்லை. வயிற்றில் செத்த திசு கிடக்கிறது, அதில் கிருமி தொற்றும் ஆபத்து இருக்கிறது. அதனால் உங்கள் டாக்டர் கொடுத்தாலும் தவறில்லை, யோசித்து நிறுத்தி வைத்தாலும் தவறில்லை. நானும் ஒரே மாதிரி எல்லோருக்கும் செய்வதில்லை.

ஏன் இத்தனை தோல்வி என்றால், நோயாளி எங்கள் கைக்கு வரும்போது முதல் சுற்று சேதம் முடிந்திருக்கும். அப்போது அந்த அணுவை முடக்கினால், கெடுதலோடு சேர்த்துக் காவலும் போய்விடும். வென்டிலேட்டர் குழாய் தொண்டையில் இருக்கும் ஒருவருக்குக் காவல் எவ்வளவு தேவை என்று சொல்ல வேண்டியதில்லை. அதோடு, ஏஆர்டிஎஸ் என்பது ஒரே நோயும் இல்லை. ரத்தத்தில் அழற்சி மிகுந்தவர்கள், குறைந்தவர்கள் என்று இரண்டு கூட்டம் இருப்பதை 2014இல் பழைய ஆய்வுத் தரவுகளை மறுபடி அலசிக் காட்டினார்கள். ஒரு கூட்டத்துக்கு உதவுவது மற்றதற்கு உதவாமல் போகலாம். படுக்கையருகில் உடனே பிரித்துப் பார்க்கும் சோதனை வழக்கத்துக்கு வந்தால், கைவிட்ட சில மருந்துகள் திரும்பி வரலாம் என்று நான் நம்புகிறேன்.

அப்படியானால் உயிரைக் காப்பாற்றுவது எது? வெள்ளை அணுக்களைத் தொடாமல், அவற்றை மேலும் மேலும் கூப்பிடுவதை நிறுத்தும் வேலைகள். வென்டிலேட்டர் அதிகக் காற்றைத் தள்ளினால், திறந்திருக்கும் கொஞ்சநஞ்சக் காற்றறைகள் மிகையாக விரிந்து கிழிகின்றன, அந்த விரிவே நியூட்ரோஃபிலைக் கூப்பிடும் மணியாகிறது. 1999இல் இத்தாலிய மருத்துவர்கள் இதை நோயாளிகளிடமே காட்டினார்கள். மென்மையாகக் காற்று தள்ளியவர்களின் நுரையீரல் நீரில் நியூட்ரோஃபிலும் தூதுப் பொருட்களும் குறைந்தன. அடுத்த வருடம் அமெரிக்காவில் 861 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு மூச்சுக்கு, கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் என்றிருந்த காற்றளவை 6 ஆக்கியதும் இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 ஆனது. எந்த மருந்தும் இல்லை, வெறும் காற்றின் அளவு! 2013இல் பிரான்ஸை மையமாகக் கொண்ட ஆய்வில், கடுமையான நோயாளிகளை நாளுக்குப் பதினாறு மணி நேரம் குப்புறப் படுக்க வைத்தபோது 28 நாள் இறப்பு 32.8 சதவீதத்திலிருந்து 16 ஆனது. அப்பாவைக் குப்புறப் போட்டிருப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்து நீங்கள் அதிர்ந்துபோனதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரியைப் படித்ததும், சரியான கையில்தான் இருக்கிறார் என்று தோன்றியது. முகம் வீங்கியிருக்கும், பார்க்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் அதுதான் சிகிச்சை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெள்ளை அணுக்கள்மேல் உங்களுக்கு வந்திருக்கும் கோபம் பாதிதான் நியாயம். வேலை முடிந்த நியூட்ரோஃபில்கள் தாமாகவே சாகின்றன. செத்தவை வெடித்துச் சிதறினால் இன்னும் புண்ணாகும். அதற்கு முன்பே மேக்ரோஃபேஜ்கள் வந்து அவற்றை முழுசாக விழுங்குகின்றன. விழுங்கிய பிறகு அவற்றின் குணமே மாறுகிறது. கூட்டம் கூட்டிய அதே அணு, கலைந்து போகச் சொல்லும் பொருட்களையும், சுவர் மறுபடி வளர உதவும் பொருட்களையும் வெளியிடத் தொடங்குகிறது. லிம்போசைட் என்ற வேறொரு வெள்ளை அணுவில் ஒரு வகையும் இந்த அமைதிப்படுத்தும் வேலையில் சேருகிறது. பிழைத்த செல்கள் உப்பை வெளியே இறைக்க, தண்ணீரும் அதன் பின்னே வடிகிறது. நுரையீரலைக் குணமாக்கும் வேலையில் பெரும்பங்கு இந்த வெள்ளை அணுக்களுடையது. எங்கள் வேலை, அதற்கு வேண்டிய நாட்களை அவருக்கு வாங்கிக் கொடுப்பது. பிழைத்து வருபவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு வருடத்துக்குள் நுரையீரலின் கொள்ளளவு ஏறக்குறைய பழைய நிலைக்குத் திரும்புகிறது. கை கால் தளர்ச்சி அதைவிட நீண்ட நாள் இருக்கும், அதற்கு இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஆனால் எல்லோரும் பிழைப்பதில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. 50 நாடுகளில் எடுத்த, 2016இல் வெளிவந்த கணக்கில், இந்த நோய் வந்தவர்களில் பத்துக்கு நான்கு பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள்.

நாளைக்குப் பார்வை நேரத்தில் நீங்கள் செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. வென்டிலேட்டரில் காற்றின் அளவை நோயாளியின் எடையைப் பார்த்து வைப்பதில்லை, உயரத்தைப் பார்த்து வைக்கிறார்கள். உடம்பு பெருத்தால் நுரையீரல் பெருப்பதில்லை என்பதால் அப்படி. அப்பா 163 சென்டிமீட்டர், அதாவது ஐந்தடி நாலு அங்குலம் என்றால் உயரத்தை வைத்துக் கணக்கில் வரும் எடை சுமார் 60 கிலோ, கிலோவுக்கு 6 என்று ஒரு மூச்சுக்குத் தள்ள வேண்டிய காற்று 360 மில்லிலிட்டர் அளவில் இருக்கும். உண்மையில் அவர் 85 கிலோ இருந்து, அதை வைத்துக் கணக்கிட்டால் 510 ஆகிவிடும். படுத்திருப்பவரின் உயரத்தைக் கண்ணளவில் குறித்துக்கொள்வது எல்லா இடத்திலும் நடக்கிறது, என் வார்டிலும் நடந்திருக்கிறது. பழைய மருத்துவச் சான்றிதழிலோ வேறு எதிலாவதோ அவர் உயரம் எழுதியிருந்தால் எடுத்துப் போய் நர்ஸிடம் காட்டுங்கள், அவர்கள் குறித்து வைத்திருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று கேளுங்கள். பி/எஃப் ரேஷியோ நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு என்றும் கேட்டு இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.